எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார்கள்

பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கும் அவளைக் கண்டால் ஆகாது. காய்ச்சலோடு கிடந்த அந்த நாட்களைப் பற்றி யார் கேட்டாலும், எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஊசியோ சேலைனோ அல்ல. கொசுவலைக்கு அந்தப் பக்கம் என்னையே பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய முகம்தான்.

மாத்தளை மாவட்டத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் வேலை செய்கிறேன். உளச் சிகிச்சையாளர் என்பது என் பதவி. மருந்து எழுதுவது டொக்டர்மாரின் வேலை. பயம், குடி, தூக்கமில்லாமை, அடி வாங்கிக் கலங்கிப்போன மனது என்று வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசி, அவர்கள் எழுந்து நடக்க வழி பார்ப்பது என் வேலை. ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்கு நான் 'கவுன்சிலிங் மிஸ்'. மீதிப் பேருக்குப் 'பைத்திய வார்ட்டு மிஸ்'. எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

குணமாகி வேலைக்குத் திரும்பியதும் கூட வேலை செய்பவர்கள், "நோயாளியா இருந்து பாத்தது உங்களுக்கு நல்ல அனுபவமா இருந்திருக்கும், எழுதுங்களேன்" என்றார்கள். நல்லது ஒன்றுமில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் ரேணுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவளுடைய உண்மைப் பெயர் அல்ல. கை நடுங்குகிறது, தூக்கம் வருவதில்லை என்று வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தவளை எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். பல்லேபொலப் பக்கம் ரோட்டோரத்தில் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். முதல் சில வாரங்கள் நடுக்கத்தைப் பற்றி மட்டும் பேசினாள். பிறகு ஒருநாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அடிக்கிறது கூடப் பரவால்ல மிஸ். வாசல்ல அவரு மோட்டார் சைக்கிள நிப்பாட்டுற சத்தம் கேட்டாலே எனக்கு உடுப்போட ஒன்னுக்குப் போயிருது."

அந்த வீட்டை விட்டுப் போ என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது என் வேலையில் கூடாது. முடிவு அவளுடையது. அதை எடுக்க அவளுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. எடுத்த பிறகு பொலிஸில் முறைப்பாடு செய்யப் போனபோது நானும் கூடப் போனேன். அவளுடைய அம்மாவின் அக்கா ஒருத்தி, குடும்பத்தோடு பல வருடமாகப் பேச்சில்லாதவள், கைவிடப்பட்ட தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் தனியாக இருந்தாள். ரேணு அந்தப் பெரியம்மாவிடம் போனாள். ஊர்ப் பெயரை இங்கேயும் எழுதப் போவதில்லை. எங்கள் பிரிவில் அந்த இடம் எனக்கும் சமூக சேவை உத்தியோகத்தருக்கும் மட்டும்தான் தெரியும். அவர் பிரசவ விடுமுறையில் போனதும் எனக்கு மட்டும் என்றானது. வியாழக்கிழமைகளில் பஸ்ஸில் போய் இறங்கி, இடுப்பளவு வளர்ந்த பற்றைப் புதருக்குள் நடந்து அவளைப் பார்த்துவிட்டு வருவேன்.

புருஷனும் மாமியாரும் சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் தேடிவிட்டு எங்கள் பிரிவுக்கு வந்தார்கள். மாமியாரின் பெயரைப் பவளம் என்று வைத்துக்கொள்கிறேன். கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். என் முன்னால் வேறொரு நோயாளி உட்கார்ந்திருந்தார்.

"எங்க மருமகள எங்க கொண்டு போயி வச்சிருக்கீங்க?"

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாமயா பொலிசுக்குக் கூட்டிட்டுப் போனீங்க? குடும்பத்தப் பிரிக்கிறதுக்கா கவர்மெண்டு உங்களுக்குச் சம்பளம் குடுக்குது?"

மகன் கதவோரத்தில் நின்று மோட்டார் சைக்கிள் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். காவலர் வந்துதான் அவர்களை வெளியே அனுப்பினார்.

இது நடந்து சில வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, வேலையில் இருக்கும்போதே எனக்குக் குளிர் அடித்தது. வீட்டுக்குப் போய்க் கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் தலைவலியில் கண்ணைத் திறக்க முடியவில்லை. வெளிச்சம் பட்டால் வாந்தி வந்தது. என் கணவர் சிவா த்ரீவீல் கராஜ் வைத்திருக்கிறார். திருத்த வந்த வண்டி ஒன்றிலேயே என்னை ஏற்றிக்கொண்டு போனார். இரத்தத்தைப் பார்த்துவிட்டு, டெங்குவாக இருக்கலாம், ஆஸ்பத்திரியிலேயே தங்க வேண்டும் என்று சொல்லிப் பெண்கள் வார்ட்டில் சேர்த்தார்கள்.

கொசுவலை போட்ட கட்டில். ஒரு பக்கம் சுவர். மறுபக்கத்துக் கட்டிலில் பவளம் உட்கார்ந்திருந்தாள். இரத்தத்தில் சீனி ஏறி, காலில் ஆறாத புண்ணோடு எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தாள்.

"என்னா மிஸ், நீங்களும் வந்து படுத்துட்டீங்க" என்றாள். முகத்தில் சிரிப்பில்லை. "நல்லதுதான். இனி அங்க இங்கன்னு ஓட முடியாது."

வேறு கட்டில் கேட்டேன். நர்ஸ் கையை விரித்தாள். "வல போட்ட கட்டில் வேற இல்ல மிஸ். நீங்களே பாக்குறீங்கதானே, ஒரு கட்டில்ல ரெண்டு ரெண்டு பேர் கெடக்காங்க." பார்த்தேன். உண்மைதான். என் கைப்பேசியை அணைத்துத் தலையணைக்குக் கீழே வைத்தேன். ரேணு கூப்பிட்டால் திரையில் என்ன வரும் என்பது எனக்குத் தெரியும். பவளத்தின் கண் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும்.

காலையில் பெரிய டொக்டர், பின்னால் நாலைந்து சின்ன டொக்டர்மார் சூழ, கட்டில் கட்டிலாக வந்தார். என்னிடம் சிங்களத்தில் கேட்டார்.

"கடந்த ரெண்டு மூணு வாரத்துல எங்கெல்லாம் போயிருந்தீங்க? வயல், காடு, ஆறு, அந்த மாதிரி எங்கயாவது?"

காய்ச்சல் எதனால் என்று தெரியாதபோது இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். வயலில் இறங்கியவர்களுக்கு எலிக்காய்ச்சல், காட்டில் திரிந்தவர்களுக்கு வேறு காய்ச்சல். கேள்வியில் குறை இல்லை. ஆனால் அடுத்த கட்டிலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பவளத்தின் கை நின்றுவிட்டது. ரோட்டோரம் கடை நடத்துகிறவள். சிங்களம் என்னைவிட அவளுக்கு நன்றாக வரும்.

"எங்கயும் போகல. வேலை, வீடு" என்றேன்.

ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, பற்றைக்குள் நடந்தேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். கைவிட்ட தோட்டம், காடு என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், அந்தக் குடும்பத்துக்கு மறந்துபோன பெரியம்மா ஞாபகத்துக்கு வந்துவிடுவாள். அப்போது எனக்கு இது டெங்கு என்றுதான் நினைப்பு. டெங்குவுக்கு நான் எங்கே நடந்தேன் என்பது தேவையில்லை.

ஆனால் அது டெங்கு இல்லை. இரத்தத்தில் பிளேட்லட் என்று சிறிய அணுக்கள் உண்டு, இரத்தத்தை உறைய வைப்பவை. டெங்குவில் அவை மளமளவென்று இறங்கும். எனக்குக் கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டன. காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. எலிக்காய்ச்சலுக்கும் பார்த்தார்கள், இல்லை என்று வந்தது. குடித்த தண்ணீரையும் போன சிறுநீரையும் அளந்து அளந்து எழுதினார்கள். கையில் சேலைன் ஏற்றும் கெனுலா ஊசி குத்திய இடமெல்லாம் வீங்கியது. மூச்சு வாங்கத் தொடங்கியது. காது அடைத்ததுபோல, ஆட்கள் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

பெரிய டொக்டர் திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டார். நான் திரும்பவும் அதே பதிலைச் சொன்னேன். அவர் என் நாடித்துடிப்பைப் பார்த்துவிட்டுச் சின்ன டொக்டர்மாரிடம் சொன்னார்: "இவங்க மனநலப் பிரிவுல வேல செய்றவங்க. டென்ஷன் கூடுன வேல. மூச்சு வாங்குறதுல கொஞ்சம் பதற்றமும் இருக்கலாம்." என்னைப் பார்த்து, "நோயாளிகளுக்கு நீங்க சொல்லிக் குடுக்குற மூச்சுப் பயிற்சிய நீங்களே செஞ்சு பாருங்களேன்" என்றார். எல்லோரும் மரியாதையாகச் சிரித்தார்கள். பதற்றம் என்று எழுதி என்னிடம் அனுப்பப்பட்ட எத்தனையோ பேருடைய நெஞ்சில் உண்மையிலேயே நோய் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். அதை அவருக்குச் சொல்ல மூச்சு இல்லை.

எல்கடுவயில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் என் அண்ணி கமலா, வேலைக்கு லீவு போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். செவ்விளநீரை ஸ்பூனில் எடுத்து வாயில் விடுவார். ஈரத்துணியால் கால் துடைப்பார். என்ன நோய் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

பவளம் அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். "இந்த மிஸ் எங்க வீட்டையே குட்டிச்சுவராக்கிட்டாங்க. என் மகன் ஒழுங்காச் சாப்பிடுறதில்ல. கடைய அரைவாசி நாள் தொறக்குறதில்ல. இவங்களுக்குப் புள்ள குட்டி இருந்தா தெரியும்." வேறொரு நாள், என் அறையில், அவள் என் முன்னால் உட்கார்ந்து அதைச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். மகனைப் பற்றிக் கவலைப்படும் ஒரு தாய் என்று மனதில் குறித்திருப்பேன். அந்தக் கட்டிலில் எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. அவள் வாயை மூடினால் போதும் என்றிருந்தது.

நோயாளிகளைப் பார்க்க விடும் நேரத்தில் மகன் வருவான். தாய்க்குச் சோற்றுப் பார்சலைக் கொடுத்துவிட்டு, என் கட்டிலின் கால்மாட்டில் வந்து நிற்பான். "மிஸ்ஸுக்கு இன்னும் சுகமில்லையா?" என்பான், மிக மெதுவாக. ரேணு சொன்ன சத்தம் என்னவென்று அப்போது எனக்குப் புரிந்தது. அவன் காலடி கேட்டாலே நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பிறகு வந்த ஒரு பகல் எனக்கு ஞாபகத்தில் இல்லை. காய்ச்சல் மூளைக்கு ஏறி, நான் பிதற்றியிருக்கிறேன். அண்ணி பின்னால் சொல்லித்தான் தெரியும். எனக்கு ஞாபகம் இருப்பது மயக்கம் தெளிந்த மாலை நேரம். நெத்மி என்ற சின்ன டொக்டர் என்னைச் சக்கர நாற்காலியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். வார்ட்டில் இருந்த ஈசிஜி மெஷின் வேலை செய்யவில்லை, இதயத்துடிப்பைப் பதிவுசெய்ய வராந்தாவின் கடைசியிலிருந்த சின்ன அறைக்குக் கொண்டுபோனாள். அங்கே வேறு யாரும் இல்லை என்பதைப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"கதவச் சாத்துங்க" என்றேன்.

அவள் சாத்தினாள்.

"நான் பொய் சொன்னேன். ஒவ்வொரு வாரமும் காட்டுக்குள்ள நடந்திருக்கேன். தேயிலை காடாப் போன எடம். எந்த ஊருன்னு கேக்க வேணாம்."

பாராட்டுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவ்வளவு கோபத்தையும் எதிர்பார்க்கவில்லை. "இவ்வளவு நாளும் நாங்க என்ன விளையாடிக்கிட்டா இருக்கோம்? நீங்களும் ஆஸ்பத்திரி ஆள்தானே" என்றாள். பக்கத்துக் கட்டிலைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, கையுறையைப் போட்டுக்கொண்டு என் உடம்பை உச்சி முதல் கால்வரை தேடத் தொடங்கினாள். காதுக்குப் பின்னால், அக்குளில், முழங்காலுக்குப் பின்னால். இடது மார்புக்குக் கீழே மடிப்பில் அவளுடைய விரல் நின்றது.

"இது எப்பவிருந்து இருக்கு?"

எனக்குத் தெரியாது. வலியுமில்லை, அரிப்புமில்லை. அவள் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினாள். சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு.

உண்ணிக் காய்ச்சல். பற்றைக்காட்டில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத ஓர் உண்ணிக் குஞ்சு கடிப்பதால் வருவது. கடித்தது தெரியாது. கடித்த இடம் கறுத்துப் பொருக்காகும், அதுவும் உள்ளாடைக்குள் மறைந்து கிடக்கும். சரியான மருந்து கொடுத்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். கொடுக்காமல் விட்டால் நுரையீரலுக்கும் மூளைக்கும் போய் ஆளைக் கொல்லும். எனக்கு நுரையீரல் வரை போயிருந்தது. அன்று மாலையே மருந்தைத் தொடங்கினார்கள்.

நெத்மி நோய்க் குறிப்பில் தேயிலைக் காட்டைப் பற்றி எழுதவில்லை. ஆனால் சிவாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர் கட்டிலோரம் வந்து குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"தெரிஞ்சே வாய மூடிக்கிட்டு இருந்திருக்க. அந்தப் புள்ளைக்காகச் செத்துப் போறதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

"டெங்குன்னு நெனச்சேங்க."

"மொத நாள் நெனச்ச. மூணாவது நாளும் அதத்தான் நெனச்சியா?"

மூன்றாவது நாள் நான் என்ன நினைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் கொண்டுவந்த கஞ்சியை அண்ணியிடம் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார். மறுநாளும் கஞ்சி வந்தது. அவரும் வந்தார், கட்டிலோரம் வைத்துவிட்டுப் போனார்.

மருந்து பிடித்தது. காய்ச்சல் விட்டது, தலைவலி விட்டது, வெளிச்சத்தைப் பார்க்க முடிந்தது. நான் எழுந்து உட்கார்ந்த அன்று பவளத்துக்கு டிக்கட் வெட்டிவிட்டார்கள், வீட்டுக்குப் போகலாம் என்று. பையைக் கட்டி வைத்துவிட்டு, காலை இழுத்து இழுத்து என் வலைக்குக் கிட்ட வந்தாள்.

"காய்ச்சல்ல நல்லாப் பேசுனீங்க மிஸ். கேக்காமயே எல்லாத்தயும் சொல்லிட்டீங்க. மகன்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு நின்று என் முகத்தைப் பார்த்தாள். நான் முகத்தை எப்படி வைத்திருந்தேன் என்று தெரியாது. "போயிட்டு வாங்க" என்றேன்.

அவள் போனதும் அண்ணியின் கையைப் பிடித்தேன். "நான் என்னா சொன்னேன்?"

"என்னென்னமோ சொன்ன. வேலிக்கு அந்தப் பக்கம்னு சொன்ன, பஸ்ஸு போயிருச்சுன்னு சொன்ன. அந்தப் பொம்பள எந்திரிச்சு வந்து ஒன் காதுகிட்ட குனிஞ்சு, எந்த ஊரு மிஸ், எந்த ஊருன்னு கேட்டுச்சு. சுகமில்லாத ஆளுகிட்ட என்னா கேள்வின்னு நான் குறுக்க வந்து நின்னுட்டேன். அப்புறம் ஒன் வாயில ஈரத்துணிய வச்சுக்கிட்டே இருந்தேன்."

"ஊர் பேரு சொன்னேனா?"

"நான் கொழாயடிக்குத் தண்ணி எடுக்கப் போன நேரம் தெரியாது, மாலா."

ஆட்கள் பேசுவதைக் கேட்பதுதான் எனக்குத் தொழில். ஊர் தெரிந்திருந்தால் பவளம் என்னிடம் வந்து சொல்ல மாட்டாள், நேரே அங்கே போவாள். நான் பயந்து யாருக்காவது போன் கோல் எடுக்க வேண்டும், சிவாவை எங்காவது அனுப்ப வேண்டும், அவள் மகனுடைய மோட்டார் சைக்கிள் பின்னால் வர வேண்டும். அதற்காகத்தான் சொல்லிவிட்டுப் போகிறாள். என் புத்தி இப்படிச் சொன்னது. பயம் வேறு சொன்னது. மகன் கடைசி இரண்டு நாளாகக் கால்மாட்டுக்கு வராததும் நினைவுக்கு வந்தது.

சிவாவிடம் கேட்டேன். "பெரியம்மா வீட்டு நம்பர் தாறேன். உங்க போன்ல இருந்து வேணாம். வேற யாரோட போன்லயாவது கேட்டுப் பாருங்க."

"இனி அந்த விசயத்துல நான் இல்ல."

மறுநாள் கஞ்சியை வைத்துவிட்டுச் சொன்னார்: "கராஜுக்கு வந்த ஒரு டிரைவர்ட போன வாங்கிப் பேசினேன். அந்தப் புள்ள அங்க இல்லையாம். துணிமணியெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிருச்சாம். எங்கன்னு அந்தம்மாவுக்கும் தெரியாதாம்."

"தனியாவா போனா?"

"தனியாத்தான்னு சொல்றாங்க. பாத்தவங்க யாரு?"

எனக்கும் டிக்கட் வெட்டினார்கள். வீட்டில் கிடந்த அந்த வாரங்கள் வார்ட்டைவிட மோசம். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பொலிஸில் சொல்லி வைத்தேன், எழுதிக்கொண்டார்கள். கைப்பேசி அடிக்கும்போதெல்லாம் கெட்ட செய்தி என்றே எடுத்தேன். சிவா என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. சமாதானமும் செய்யவில்லை.

வேலைக்குத் திரும்பிக் கொஞ்ச நாளில், பிரிவின் தொலைபேசிக்கு ஒரு கோல் வந்தது.

"மிஸ், நாந்தான்."

நான் கதிரையில் உட்கார்ந்தேன். "நல்லா இருக்கியா?"

"இருக்கேன் மிஸ். வியாழக்கெழம நீங்க வரல. போன் போட்டா அணச்சிருக்குன்னு சொல்லுது. நீங்க ஒருநாளும் சொல்லாம நின்னதில்ல. என்னமோ நடந்துருச்சு, இனி இங்க இருக்கக் கூடாதுன்னு மறுநாள் விடிஞ்சதும் கெளம்பிட்டேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் பிதற்றியது அதற்குப் பிறகு. நான் மூச்சு முட்டக் கிடந்தும் யாருக்கும் சொல்லாமல் மறைத்த இடத்தில் அவள் இல்லை. நான் வாயைத் திறந்திருந்தாலும் வெறும் வீட்டைத்தான் காட்டிக் கொடுத்திருப்பேன். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு முதலில் வந்தது கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம்.

"இப்ப எங்க..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

"வேல கெடச்சிருக்கு மிஸ். கை நடுக்கம் கொஞ்சம் இருக்கு. ஆனா தூங்குறேன். எடத்த மட்டும் சொல்ல மாட்டேன், கோவிச்சுக்காதீங்க."

"சொல்லாத" என்றேன்.

எனக்கு என்ன நடந்தது என்று அவள் கேட்டாள். காய்ச்சல் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

போன மாதம் டொக்டரிடம் நுரையீரலைக் காட்டிவிட்டு மருந்து எடுக்க வரிசையில் நின்றேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தட்டியது. பவளம். காலில் இன்னும் கட்டு இருந்தது. மெலிந்திருந்தாள்.

"இன்னைக்காவது உண்மையச் சொல்லுங்க மிஸ். எங்க இருக்கா?"

"எனக்குத் தெரியாதும்மா."

"அன்னைக்கும் இதத்தான் சொன்னீங்க."

"அன்னைக்குத் தெரியும். இப்பத் தெரியாது."

அவள் என் கண்ணையே பார்த்தாள். கொசுவலைக்கு வெளியிலிருந்து பார்த்த அதே பார்வை. ஒரு சொல்லையும் நம்பவில்லை.

"நீங்க நல்லா இருக்க மாட்டீங்க" என்றாள், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி.

வரிசை நகர்ந்தது. நான் மருந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மேலே என் அறைக்குப் போனேன். வெளியே வாங்கில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆளை உள்ளே கூப்பிட்டேன்.